அணைமேல் ஒரு மஞ்சள் கொடி

மண்டியிட்டிருந்த ஆர்விட் மஞ்சள் கொடியைக் கம்போடு பிடுங்கினான். துளை போடும் லாரி மேட்டில் உறுமிக்கொண்டு ஏறுவது கேட்டது. குனிந்தபடியே மண் அணையின் மேல் ஓடி, நாற்பதடி தள்ளிக் கொடியைக் குத்தினான்.

காலை மூடுபனியில் தூரம் காட்டும் அளவுக்கல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கொடி மட்டும் தெரிந்தது. லாரிக்காரர்களுக்கு அது போதுமே! நேற்று மாலை இல்வா தன் கையால் நட்டது.

ஸ்டூர்மிர் அணைக்குள்ளே எங்கோ நீர் கசிகிறது. இல்வா மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி ஈரம் தேடுபவள். ஆர்விட் பல வருடமாக மண்ணை ஊடுருவும் ரேடார் பெட்டியை இழுத்துத் தேடுபவன். இருவரும் காட்டிய இடங்கள் வேறு வேறு. அணையின் வயிற்றில் கண்டபடி ஓட்டை போட முடியாது. இந்த வருடத்துக்கு ஒரே துளை. ஈரம் வந்தால், அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் கையில் இனி அணையின் பொறுப்பு.

புதிதாக வந்தவள்! ஆனால் தலைமைப் பொறியாளர் ஸ்டூரே காபி குடிப்பது அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான். ஆர்விட்டுக்கு வயிறு எரிந்தது.

நேற்று மதியம்கூட அவன் வேனுக்கு வந்து நின்றாள். "உன் ரேடார் படத்தை இன்னொரு தடவை காட்டேன். அளவைக் குறிச்சுக்கறேன்."

"எதுக்கு? தப்புக் கண்டுபிடிக்கவா?"

சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டு போனாள். திமிர்!

லாரி வந்தது. கொடி இப்போது நின்ற இடத்தில் துளைக்குழாய் இறங்கியது. ஆர்விட் இலவங்கப்பட்டை ரொட்டியை மென்றபடி வேடிக்கை பார்த்தான்.

மேலே வந்தது உலர்ந்த கெட்டி மண். பிழிந்தாலும் சொட்டு நீர் வராது.

"என்ன இல்வா, உன் மின்சாரம் உனக்கே ஷாக் அடிச்சிடுச்சா?"

இல்வா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆர்விட்."

ஸ்டூரே கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு, ஆர்விட்டின் தோளில் கை வைத்தார். "மனசை விட்டுடாதே."

"நானா? நான் எதுக்கு?"

"தன்னோட இடம் வேண்டாம், உன் அனுபவத்தை நம்பி நீ காட்டின இடத்துலதான் துளை போடணும்னு நேத்து இவ ஒத்தைக்கால்ல நின்னாளே!"