எதுவும் ஒட்டாத பூச்சு

மகள் கயல்விழியின் கல்யாணக் காரை வீட்டு வாசலில் தானே மினுக்கினார் திருநாவுக்கரசு. தூசி, சேறு, காக்கை எச்சம் எதுவும் ஒட்டாத புதுப் பூச்சைக் கையுறை போடாமல் தேய்த்தார். கார் கண்ணாடியாக மின்னியது. அவர் கைகளும்தான். காபி டம்ளர் நழுவியது. வேட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை.

மனைவி செண்பகம் டப்பாவைப் படித்தாள். "ஆறு மாசத்துக்குப் போகாதாம். வெறுங்கையால தேய்க்கச் சொன்னது யாரு?"

மறுநாள் முகூர்த்தத்தில், மாப்பிள்ளையிடம் கொடுக்க மகளின் கையைப் பிடித்தார். மூன்று முறை முயன்றும் வழுக்கியது.

"பொண்ணக் குடுக்க மனசு வரலையா?" என்றார் ஐயர்.

"மனசு இருக்கு சாமி, பிடிதான் இல்ல." அவர் கண் கலங்கியது.

"விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்." கயல்விழி ஒரு கையால் அப்பாவின் தோளை அணைத்துக்கொண்டு, மறு கையால் மாப்பிள்ளையின் கையை எட்டிப் பிடித்தாள்.