முந்நூற்று நாற்பது படிகள்

"யாரு இதை அடிச்சது?"

அச்சகத்தின் ஃபோர்மேன் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பழைய கோட்டையைப் பார்க்கப் போவதற்கு அவரே போட்ட திட்டம். பத்து மணிக்குக் கோட்டை வாசல், பதினொன்றுக்குக் காவல் கோபுரம், ஒரு மணிக்குச் சாப்பாடு. காவல் கோபுரத்தின் மேல் மட்டும் ஒரு சிவப்புக் கோடு.

கேட்கவே வேண்டாம். அங்கே எந்தக் காகிதமும் புரூஃப் பார்க்கிறவளின் மேஜையைத் தாண்டாமல் போகாது. பழக்க தோஷத்தில் இதுவும் போயிருந்தது.

"நான்தான் சார்" என்றாள், தலை நிமிராமல்.

"என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க?"

"முந்நூத்தி நாப்பது படி. எனக்கு முட்டி வலி."

பைண்டிங் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். கோட்டைக்குப் போகலாம், கோபுரத்து மேலே நின்றால் ஊரே தெரியும் என்று இரண்டு மாதமாக எல்லோரையும் நச்சரித்ததே இவள்தான்.

"அப்போ நீங்க கீழ உக்காருங்க. நாங்க ஏறிட்டு வர்றோம்" என்றார் மெஷின்காரர்.

"உக்கார்றேன். ஆனா தனியா மாட்டேன். ஃபோர்மேன் சார் துணைக்கு இருக்கணும்."

"நானா? நடுவுல நிக்காம ஒரே மூச்சுல ஏறுற ஆளும்மா நான்."

"தெரியும் சார். ஆனா தெரியாத இடத்துல வேற யாரை நம்பி உக்கார்றது? முடியாதுன்னா சொல்லுங்க, நான் வரலை."

"தான் ஏறலைன்னா மத்தவங்களும் ஏறக் கூடாது. என்ன மனசோ" என்று பைண்டிங் பெண் ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஃபோர்மேன் பெரிய மனசு பண்ணினார். "சரி, போகட்டும். இந்த அம்மாவுக்காக விட்டுக்கொடுக்கறேன்."

அன்று அச்சகத்துக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தத் தியாகத்தைச் சொல்லித் தீர்த்தார். சாயங்காலம் ஒரு தைல பாட்டிலைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"முட்டியில தடவிக்கங்க. இந்த வயசுலயே இப்படியா?"

"ரொம்ப நன்றி சார்."

அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, மூன்றாம் மாடியிலிருந்து முதலாளி புரூஃப் கேட்டார். லிஃப்ட் ஓடவில்லை. அவள் காகிதக் கட்டை அள்ளிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மேலே போய் நின்றபோது போன் அடித்தது. மூச்சு கூட வாங்காமல் எடுத்தாள்.

"கவலையை விடுங்கக்கா. உங்க வீட்டுக்காரர் கோபுரத்துல ஒரு படி கூட ஏற மாட்டார். அவர் நெஞ்சைப் பத்தி டாக்டர் சொன்னது இங்க ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்கிறது அவருக்கே தெரியாது. பாவம், எனக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துட்டுப் போறார்."