மாப்பிள்ளை கேட்ட கேம்ஷாஃப்ட்

காலை ஏழு மணிக்கே மாப்பிள்ளை மனைவியோடு பட்டறைக்கு வந்துவிட்டார். ஐம்பது வருஷத்துப் பழைய கார் வாசலில் தயாராக நின்றது. மாமனாரான மெக்கானிக் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே சாவியை நீட்டினார்.

"வண்டி பறக்கறதுக்கு, எஞ்சின்ல வால்வைத் திறந்துவிடற அந்த ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டாச்சா மாமா?"

"போட்டாச்சு மாப்பிள்ளை."

"வால்வை மூட அதுக்கேத்த கெட்டி ஸ்பிரிங்?"

"அதுவும்தான். பழைய ஸ்பிரிங் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சின் சுக்குநூறாயிடும்."

"அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது? பொண்ணையா கட்டிக் குடுக்கறீங்க? அதான் எப்பவோ குடுத்துட்டீங்களே!"

காரில் ஏறிய மகள் சிரிக்கவில்லை. போன வாரம் அவள்தான் அழுதாள். "அவர் வண்டியில பறக்கும்போது எனக்கு உயிரே போகுதுப்பா. ஏதாவது பண்ணுங்க."

மெக்கானிக் பண்ணிவிட்டார். புதுக் கேம்ஷாஃப்டும் புது ஸ்பிரிங்கும் பரணில் கிடந்தன. எஞ்சினுக்குள் இருந்ததெல்லாம் பழசு. வண்டி ஊர்ந்தால் போதும், மகள் பிழைத்தாள் என்று நினைத்திருந்தார்.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார்.

"இழுவையே இல்லையே மாமா."

குட்டு உடைந்தது என்று மெக்கானிக் வெலவெலத்துப் போனார்.

"பயப்படாதீங்க. ரேஸ் கேம்ஷாஃப்ட்னா மெதுவாப் போறப்ப மந்தமாத்தான் இருக்குமாம், அதை வித்த கடைக்காரர் சொன்னார். எஞ்சின் சுத்தற வேகத்தைக் காட்டற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டற வரைக்கும் மிதிக்கணுமாம். இப்பவே நெடுஞ்சாலையில மிதிச்சுப் பாத்துடறோம். ஸ்பிரிங் தாங்கும்ல மாமா?"