தண்டவாளத் துண்டு

டீச்சர் இரும்புக் கம்பியை ஓங்கியபோது ஆசிரியர் சங்கச் செயலாளர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்.

வராந்தா உத்திரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் மணி. கம்பி அதன்மேல் படவில்லை.

ஜீப்பிலிருந்து சங்கத் தலைவர் மெதுவாக இறங்கினார். விடிந்ததிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பூட்டிய பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு வருகிறார். திறந்திருந்தது இது ஒன்றுதான்.

"என்னம்மா இது? ஊர்வலத்துல முன்னாடி நின்னு கொடி பிடிச்ச பொண்ணு நீ. உனக்கும் சேத்துத்தான இந்த ஸ்டிரைக்கு?"

"ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட மாட்டேன் தலைவரே. பாடமும் நடத்த மாட்டேன். மணி மட்டும் அடிச்சுக்கிறேன். பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கட்டும்."

"மணி அடிச்சா பள்ளிக்கூடம் நடந்துச்சுன்னுதான் அர்த்தம்" என்றார் செயலாளர். கம்பி இப்போது அவர் கையில் இருந்தது.

டீச்சர் சாலையைக் காட்டினாள்.

வளைவில் ஒரு லாரி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. செங்கல் சூளை மேஸ்திரி படியில் தொங்கிக்கொண்டு பீடி பிடித்தான்.

லாரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் தாய்மார்கள் நின்றார்கள். ஒரு கையில் கல்லுடைக்கும் சுத்தியல், மறு கையில் பிள்ளை. யாரும் இப்படியும் வரவில்லை, அப்படியும் போகவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மணி கேட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. கேட்காவிட்டால் லாரிக்கு.

இதை யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. குவாரிக்குப் போகிறவள் பிள்ளையை வெறும் வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. சூளையில் சோறாவது போடுவார்கள். ஏறிய பிள்ளை, மழை பிடித்துச் சூளை அணைந்தால்தான் வீடு திரும்பும். அப்படித் திரும்பிய பிள்ளை எதுவும் அதற்குப் பிறகு சிலேட்டைத் தொட்டதில்லை.

அதனால்தான் டீச்சர் லீவு போடுவதில்லை. அப்பா செத்த சேதி வந்த காலையிலும் மணி அடித்து, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து, பெரிய பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இவ்வளவையும் அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

தலைவர் லாரியைப் பார்த்தார். அவரும் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூளைத் தின்றவர்தான். செயலாளரிடமிருந்து கம்பியை வாங்கிக் கையில் எடைபோட்டார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் செய்தார்.

"தலைவரே..." செயலாளர் குரலைத் தணித்தார். "பேப்பர்காரங்ககிட்ட ஸ்டிரைக்கு நூத்துக்கு நூறுன்னு சொல்லியாச்சு."

தலைவர் சிரித்தார்.

"நம்ம வாத்தியாருங்க ஜென்மத்துல வாங்காத மார்க்கு. இன்னிக்குத்தான் வாங்கியிருக்கோம். கெடுத்துடாத தாயி."

கம்பியை ஜீப்புக்குள் வீசினார்.

"ஒரு நாள்தானம்மா."

"லாரிக்கும் ஒரு நாள் போதும் தலைவரே."

லாரி ஹாரன் அடித்தது.

டீச்சர் குனிந்தாள். வராந்தா ஓரத்தில் பெயர்ந்து கிடந்த கருங்கல்லை எடுத்து ஓங்கினாள். அடி விழுவதற்குள் தலைவர் பாய்ந்து தண்டவாளத் துண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

டொக்.

மணிச் சத்தம் இல்லை அது. யாரோ மழையில் ஊறிப்போன கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

சாலையில் ஒருத்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

டீச்சர் மறுபடியும் அடித்தாள். டொக். இன்னொரு அடி தலைவரின் விரலில் விழுந்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பிடியை விடவில்லை.

"அக்கா! இருங்கக்கா! பள்ளிக்கூடம் இருக்கு!" டீச்சர் கத்தினாள்.

கொடி கட்டிய ஜீப் வாசலில் நிற்பது தாய்மார்களுக்குத் தெரிந்தது. மேஸ்திரி அதைக் கையை நீட்டிக் காட்டி ஏதோ சொன்னான். லாரியின் பின்பலகையை இறக்கினான்.

முதலில் போனது வாயாடிதான். வகுப்பில் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லியே டீச்சருக்குத் தொண்டை கட்டும். வாயாடி தம்பியைத் தூக்கி மேலே விட்டாள். பிறகு சக்கரத்தில் கால் வைத்துத் தானும் ஏறினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கிக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு குவாரிப் பக்கம் நடந்தார்கள்.

டீச்சர் கல்லைக் கீழே போட்டாள். தலைவர் அப்போதுதான் கையை எடுத்தார். தண்டவாளம் லேசாக ஆடியது.

"எடுத்துட்டுப் போங்க தலைவரே" என்றாள். "உங்க நூத்துக்கு நூறு."

அவர் ஜீப்பில் ஏறினார்.

பிரதான சாலை வரைக்கும் ஒரே ஒற்றை மண்பாதை. லாரி முன்னால் போக, அதன் புழுதிக்குள்ளேயே ஜீப் போகவேண்டியிருந்தது. தலைவர் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டார். செயலாளர் புழுதிக்குள் தெரிந்த லாரியைப் பார்த்தார்.

"கோரிக்கை எல்லாத்தையும் நேத்து ராத்திரியே அரசாங்கம் ஒத்துக்கிச்சுன்னு, அந்தப் பொண்ணு காதுல மட்டுமாவது போட்டிருக்கலாம் தலைவரே."

தலைவர் கைக்குட்டையின் முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

"போட்டுட்டு? மத்தியானம் மேடையில ஏறி நான் எதைச் சொல்ல?"