காதுக்கல்

அந்த மலையில் ஏறுகிறவர்கள் பாறையைத் தட்டிப் பார்ப்பதில்லை. பழைய வழிகாட்டிப் புத்தகம் சொல்கிற இடத்தில் கைவைப்பார்கள். அதனால் மலை புத்தகத்தைப் போலவே இருந்தாக வேண்டும். மழையில் எது பெயர்ந்தாலும் பசை போட்டு அதே இடத்தில் ஒட்டுவது லூர்துமேரியின் வேலை.

இன்று காதுக்கல் கழன்றுவிட்டது. செங்குத்தான கடைசி ஏற்றத்தில், வலது கையால் பிடிக்கும்படி புத்தகம் சொல்லும் கல் அது. கயிற்றில் தொங்கியபடி அதை ஒட்டிவிட்டு, மேற்பார்வையாளர் தனிஸ்லாஸை போனில் கூப்பிட்டாள்.

“பசை காய சாயங்காலம் ஆவும் சார். அதுவரைக்கும் ஆள் எடை தாங்காது. ஏறுறவங்கள நிறுத்துங்க, இல்லன்னா புத்தகத்துல அந்த ஒரு வரிய மாத்துங்க.”

“வரிய மாத்துனா எவன்மா இங்க வருவான்? நீ மலைய மட்டும் பாரு.”

அதற்குள் ஒருவர் ஏறி வந்துவிட்டார். மணிக்கட்டில் கட்டிய புத்தகத்தை விட்டு அவர் கண் விலகவில்லை.

“அண்ணே, அந்தக் கல்லத் தொடாதீங்க. இன்னும் காயல.”

“புத்தகத்துல இருக்கேம்மா” என்று அவர் வலது கையை நீட்டினார்.

லூர்துமேரி கல்லை மறைத்துத் தன் கையை அங்கே வைத்தாள். அவர் அதை இறுகப் பற்றி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேலே போனார். அவள் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. கையை உதறிக்கொண்டே கீழே பார்த்தாள். அடுத்தவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கையை மறுபடியும் கல்லின்மேல் வைத்தாள்.