எதுக்குள் எது

"என் ஃபோல்டர் இனிமே அவர் ஃபோல்டருக்குள்ள இருக்கக் கூடாது, மாமா. தனியா இருக்கணும். நான் மட்டும்தான் திறக்கணும்."

மருமகள் நின்றுகொண்டேதான் சொன்னாள். மாமனார் தன் கட்டட வரைபட அலுவலகத்தின் பெரிய நாற்காலியில், சாய்மானத்தில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முதுகு எதன்மேலும் சாய்ந்து அவள் பார்த்ததில்லை.

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டு ஒரு வாரமாகிறது. புதியதற்குக் கணினிக்காரர் வயர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களாப்பா? ஃபோல்டருக்குக்கூடத் தனிக்குடித்தனம் கேக்கறா." கணவன் சிரித்தான். "புருஷன் ஃபோல்டருக்குள்ள பொண்டாட்டி ஃபோல்டர் இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"நூலகக் கட்டடத்தோட மாடிப்படி குறைஞ்சு போச்சு. திருப்பத்துல வயசானவங்க நின்னு மூச்சு வாங்கட்டும்னு இடம் விட்டு வரைஞ்சது நான். என் ஃபோல்டரைத் திறந்து எடுத்து, கீழே உங்க பேரைப் போட்டுக் குடுத்தது நீங்க."

"குடும்பத்துல என்ன என்னுது, உன்னுது?"

"வித்தியாசம் இல்லேன்னா என் பேரைப் போட்டிருக்கலாமே."

கணினிக்காரருக்குத் திடீரென்று ஒரு வயர்மேல் பெரும் அக்கறை வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

"போதும்," என்றார் மாமனார். "வெளியாள் இருக்கார். வீட்டுப் பேச்சை மாடியில வச்சுக்கோ."

"மாடியில பேசினா ஆபீஸ் விஷயம்கறீங்க. கீழே வந்து பேசினா வீட்டு விஷயம்கறீங்க. நடுப்படியில நின்னுதான் பேசணும் போலிருக்கு, மாமா."

அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "என்னப்பா, ஆரம்பிக்கலாமா?" என்று கணினிக்காரரைக் கேட்டார்.

"தயாரா இருக்கு ஐயா. நீங்க நேத்து சொல்லச் சொல்ல மாதிரியை எழுதிட்டேன்." கணினிக்காரர் மற்ற இருவருக்குமாக விளக்கினார். "புது டிஸ்க் இப்போ காலி மனை. என்னென்ன ஃபோல்டர், எதுக்குள்ள எது, யாருக்குச் சொந்தம், யார் திறக்கலாம்னு மாதிரியில வரி வரியா இருக்கு. ஒரு தட்டு தட்டினா மெஷின் அதைப் படிச்சு அப்படியே கட்டிடும். எழுதினது வரும், எழுதாதது வராது."

"அதுல எனக்கு என்ன எழுதியிருக்கீங்க, மாமா?"

"வரும்போது பாரு."

"என் வேலையைப் பத்தின விஷயம். முன்னாடியே பாத்தா தப்பா?"

"இது என் அப்பா ஆரம்பிச்ச ஆபீஸ். எது எங்கே இருக்கணும்னு முடிவு பண்ண நான் யார்கிட்டயும் உத்தரவு வாங்கினதில்ல."

கணவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அப்பா சொன்னா சொன்னதுதான். ஒரு எழுத்து மாறக் கூடாது. அப்புறம் யாராவது கண்ணைக் கசக்கிட்டு வந்து நின்னாலும் மாத்த முடியாதபடி பூட்டிடுங்க சார்."

"பூட்டியாச்சு. ஐயாவோட பாஸ்வேர்டு இல்லாம யாரும் தொட முடியாது."

"அப்படிப் போடுங்க."

அவளுக்குக் கண்ணைக் கசக்கத் தோன்றவில்லை. தன் மேஜைக்குப் போனாள். ஸ்கேல், பென்சில்கள், கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய காம்பஸ் பெட்டி எல்லாவற்றையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்துத் தோளில் மாட்டினாள்.

"என்ன பண்றே?" என்றார் மாமனார்.

"நான் வரைஞ்சதெல்லாம் என் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு. அதுல ஒரு கோடுகூட அவர் ஃபோல்டருக்குள்ள இனிமே போகாது. எதிர்த் தெருவுல ஒரு மேஜை போட இடம் கிடைக்கும். என் பேரை நானே போட்டுக்கறேன்."

"மருமக எதிர்த் தெருவுல கடை விரிச்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நடந்ததைப் பேசுவாங்க, மாமா."

கணவன் சிரிப்பதை நிறுத்தினான். இந்த வீட்டில் மாமனாரிடம் இப்படிப் பேசியவர் யாரும் கிடையாது.

"உட்காரு," என்றார் அவர்.

"நிக்கறேன்."

"சரி, நின்னுக்கோ." அவர் மகன் பக்கம் திரும்பினார். "நூலகத்துக்கு நாம ரெண்டு பேரும் போயிருந்தோமே. அந்தப் படியில ஏறும்போது, திருப்பத்துல எதுக்கு இவ்வளவு இடம்னு உன்னைக் கேட்டேன். என்ன சொன்னே?"

"அழகுக்குன்னு சொன்னேன். இப்போ எதுக்குப்பா அது?"

"ஒண்ணுமில்ல. நீயே தட்டு."

கணவன் சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு தட்டினான். திரையில் வரிகள் ஓடி ஓய்ந்தன. ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. முதலில் நிறுவனத்தின் பெயர். பிறகு கணக்கு, வாடிக்கையாளர். அதற்கும் கீழே, யாருக்குள்ளும் இல்லாமல் தனியாக, மருமகளின் பெயர்.

அவ்வளவுதான். வேறு பெயர் எதுவும் வரவில்லை.

அவள் தோளிலிருந்து பை தானாக நழுவியது.

"என் பேர் எங்கே?" கணவன் திரையை மேலும் கீழும் தள்ளினான். மனைவியின் ஃபோல்டரைத் தட்டினான். அனுமதி இல்லை என்றது மெஷின்.

கணினிக்காரர் தொண்டையைச் செருமினார். "உங்களுது மேடம் ஃபோல்டருக்குள்ள இருக்கு சார். உங்க வேலையை அவங்க பாக்கலாம். அவங்க வேலையை நீங்க பாக்க முடியாது."

"அப்பா, இதை மாத்தச் சொல்லுங்க."

பெரியவர் எழுந்தார். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாற்போல் இருந்தது.

"ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு நீதானேடா சொன்னே? பொண்டாட்டி ஃபோல்டருக்குள்ள புருஷன் ஃபோல்டர் இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"