கரண்டி ஒலிபரப்பு

பதிவு செய்து மூன்று வருடமான சங்கம்தான் வானொலி நிலையத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மீனவப் பெண்கள் சங்கம் பதிவாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று பிரகாசி தினமும் மாலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் குழம்புக் கரண்டியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கடல், காற்று நிலவரச் செய்தி வாசித்தாள். பெண்கள் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். அதைக் கேட்டு ஒருநாள் ஞானப்பூ தன் புருசனைக் கடலுக்கு விடவில்லை. அன்று போன படகு ஒன்று திரும்பவில்லை.

விண்ணப்பித்து உரிமம் வர ஐந்து வருடம் ஆகிவிட்டது. வீட்டுக்கொன்று, படகுக்கொன்று என்று ரேடியோ வாங்கினார்கள். முதல் நாள், நிஜ மைக்கின் முன் உட்கார்ந்த பிரகாசி நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேரும் பாயில் இருந்தார்கள், மடியில் ரேடியோவோடு. மைக் பக்கத்தில் ரேடியோ ஓடினால் கீச்சென்று கூவும் என்று எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

"வீட்டுல இருந்தே கேக்கலாமேக்கா?"

"இத்தன வருசமா எங்க மூஞ்சியப் பாத்துதான வாசிச்ச," என்றாள் ஞானப்பூ. "இன்னைக்கு மட்டும் ஒத்தையில வுட்டுருவமா? நீ வாசி."

கடலில் நின்ற படகுகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது, பிரகாசி மூக்கை உறிஞ்சிய சத்தம்தான்.